ஐசிஎஃப் பெட்டியை 1:87 அளவில் கட்டிப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் ரயில் பெட்டி கட்டும் ஐசிஎஃப் (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பை வைத்து அங்கே உருவான பெட்டிகளில்தான் நம்மில் பெரும்பாலோர் ஊருக்குப் போய்வந்தோம். 2018 ஜனவரியோடு அந்த வடிவத்தின் உற்பத்தி நின்றுவிட்டது. அந்தப் பெட்டியை 87-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கி (1:87) வீட்டு மேசையில் மாடலாகக் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை. கட்டுவதையும் படம் எடுப்பதையும் பிரிக்காமல் சேர்த்தே பேசியிருக்கிறேன். பெட்டி முடிந்த பிறகு கேமராவை எடுப்பது தாமதம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய கோணல் அதில் தெரிந்துவிடும். பெயிண்ட் அடிக்கும் முன் தெரிந்தால் சரிசெய்யலாம்.

வீட்டில் இடமே இல்லை. லேஅவுட் (தண்டவாளம், நிலையம் எல்லாம் அமைந்த மாடல் பலகை) இல்லாமல் தொடங்கலாமா?

தாராளமாக. ஒரு பெட்டி, இரண்டடிப் பலகையில் ஒரு துண்டுத் தண்டவாளம், பின்னால் வானத்துக்கு ஒரு வெளிர்நீலத் தாள். அலமாரியில் ஒரு தட்டு இதற்குப் போதும். எடுத்த எடுப்பிலேயே எட்டடிப் பலகை, டிரான்ஸ்ஃபார்மர், பாயின்ட் (தடம் பிரியும் இடம்) என்று இறங்குகிறவர்கள் பலர் வயரிங்கிலேயே களைத்துப்போகிறார்கள், பெட்டி கட்டும் இடத்துக்கே வருவதில்லை. நல்ல படத்துக்குள் வருவது எப்படியும் இரண்டடிதான். அந்த இரண்டடியை நன்றாகச் செய்யுங்கள்.

எச்ஓ (HO), ஓஓ (OO), என் (N) என்று பல அளவு சொல்கிறார்களே, எதை எடுப்பது?

எச்ஓ என்பது 1:87, ஓஓ என்பது பிரிட்டனில் பரவலான 1:76, என் (N) என்பது 1:160. எச்ஓவும் ஓஓவும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். நம் அகலப்பாதையின் அகலம் 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.2 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைப்பதோ ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மி.மீ. பாதைக்கான 16.5 மி.மீ. ஆகவே இந்திய ரயிலை எச்ஓவில் செய்தால் சக்கரங்கள் கிட்டத்தட்ட 3 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். ஓஓவில் செய்தால் இந்த வித்தியாசம் 5.5 மி.மீ. ஆகிவிடும், பெட்டி ஒல்லிக் கால்களில் நிற்பதாகத் தெரியும். அதனால் என் ஓட்டு எச்ஓவுக்கு.

சின்ன ஃபிளாட்டில் ரயில் ஓடியே ஆக வேண்டும் என்றால் என் (N) அளவு நல்லது. அதில் ஒரு ஐசிஎஃப் பெட்டி 13 செ.மீ.தான் வரும். ஆனால் ஜன்னல் கம்பி, கைப்பிடி போன்ற விவரங்களைக் கையால் செய்வது அதில் கடினம்.

சரியான 19.2 மி.மீ. பாதையைத் தாங்களே கைப்பட அமைக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அமைக்கலாம், ஆனால் பாயின்ட்டுகளும் சக்கர அச்சுகளும் எல்லாமே கைவேலையாகிவிடும். முதல் பெட்டிக்கு அது வேண்டாம்.

அளவுகளுக்கு எங்கே போவது?

ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ., இரண்டு போகிகளின் (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களின்) மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் 14,783 மி.மீ., ஒரு போகியின் இரு அச்சுகளுக்கு இடையே 2,896 மி.மீ., புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. எச்ஓவில் இவை முறையே 245, 37.3, 170, 33.2, 10.5 மி.மீ. ஆகும். இந்த ஐந்து எண்ணும் சரியாக இருந்தால் பெட்டி ஐசிஎஃப் பெட்டியாகத் தெரியும். போகி மையம் 5 மி.மீ. தள்ளிப்போனாலும் எங்கேயோ இடிக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

மற்ற விவரங்களுக்கு ஐசிஎஃப் வளாகத்தை ஒட்டியுள்ள சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஓடுகிற ரயிலில் கிடைக்காத நிதானம் அங்கே கிடைக்கும். அளவுநாடா ஒன்றைப் பெட்டி மேல் பிடித்து, பக்கத்துக்கு நேரெதிரே நின்று படம் எடுங்கள். சாய்வாக எடுத்தால் அளவு எடுக்க உதவாது. எல்லோரும் பக்கவாட்டைத்தான் எடுக்கிறார்கள். நமக்குத் தேவை அடிப்பகுதியும் முனைப்பகுதியும்: பேட்டரிப் பெட்டிகள், பிரேக் சிலிண்டர், படிக்கட்டு, பஃபர், இரண்டு பெட்டிகளை இணைக்கும் வெஸ்டிப்யூல். குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை எதில் கட்டுவது? 3டி பிரிண்ட் போதாதா?

ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டில் கட்டுவதையே நான் சொல்வேன். அரை மி.மீ., ஒரு மி.மீ. ஷீட்டுகள் போதும். ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கத்தியால் இரண்டு மூன்று முறை கோடு கீறி மடக்கினால் நேராக உடையும். முழுக்க வெட்டிவிடத் தேவையில்லை. பிளாஸ்டிக் சிமென்ட்டைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் அது தானாக உள்ளே ஓடி இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கும். ஜன்னல்கள் நிறைய என்பதால் பக்கச்சுவரை மட்டும் லேசரில் வெட்டி வாங்குவதும் நல்ல வழி, ஆனால் ஸ்டைரீன் லேசரில் ஓரம் உருகிப்போகும். மெல்லிய அக்ரிலிக் சுத்தமாக வெட்டுப்படும்.

3டி பிரிண்ட்டில் ரெசின் வகை நுணுக்கமானது. இழையை உருக்கி அடுக்கும் வகையில் வரிவரியாகக் கோடு விழும், தேய்த்து எடுப்பதே பெரிய வேலை. பிஎல்ஏ இழை சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு பிஎல்ஏ பெட்டியை விட்டால் வாழைப்பழம் போல வளைந்துதான் கைக்கு வரும்.

கூரைதான் ஐசிஎஃப் பெட்டியின் முகம். நடுவில் கிட்டத்தட்டத் தட்டையாகப் போய் ஓரத்தில் வேகமாக வளையும். பிவிசி பைப்பை நெடுக்கில் அறுத்துக் கூரையாக வைத்தால் ஒரே சீரான வளைவு வந்து சரக்கு வேன் போல ஆகிவிடும். கூரைக்கு மட்டும் ரெசின் பிரிண்ட் எடுங்கள், அல்லது பால்சா கட்டையை முனைச்சுவரின் அட்டை அச்சுக்குப் பொருத்திப் பொருத்தி உப்புத்தாளால் இழையுங்கள்.

ஜன்னல் கம்பிகளை எப்படி நேராக வைப்பது?

ஸ்லீப்பர் பெட்டியின் உயிரே இந்தக் குறுக்குக் கம்பிகளில்தான் இருக்கிறது. கையை வெளியே விட்டு டீ வாங்கிய அத்தனை பேருக்கும் இது தெரியும். விரல் தடிமனுக்கும் குறைந்த நிஜக் கம்பி 1:87-இல் 0.15 மி.மீ. அளவுக்கு வரும். நூல் வைத்தால் பிசிறு எழும்பும், படத்தில் அப்பட்டமாகத் தெரியும். பல இழை கொண்ட மெல்லிய மின்வயரை உரித்து ஒரு செம்பு இழையை எடுங்கள். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் பிடித்து மெதுவாக இழுத்தால், இழை ஒரு நொடி இளகிக் கொடுக்கும். அந்த இடத்தில் நிறுத்தினால் கம்பி கோடு போல நேராகிவிடும்.

பக்கச்சுவரைக் குப்புறப் போட்டு, இரு முனையிலும் சம இடைவெளியில் வெட்டுக் கொடுத்த அட்டைச் சீப்புகளை ஒட்டுங்கள். கம்பிகளைச் சீப்பின் பல்லுக்குள் இழுத்துக் கட்டி, ஜன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் மட்டும் ஃபெவிக்விக்கை ஊசிமுனையால் தொட்டு வையுங்கள். பெட்டியின் முழு நீளத்துக்கும் ஒரே கம்பி ஓடுவதால் எல்லா ஜன்னலிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அவசர வழி ஜன்னலில் கம்பி இருக்காது, அங்கே மட்டும் வெட்டிவிட வேண்டும். கண்ணாடிக்கான தெளிந்த ஷீட்டைக் கடைசியில், ஃபெவிக்காலால் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்புகை போலப் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது.

எந்த நிறம்? மழைக்காலத்தில் பெயிண்ட் வெளுத்துப்போகிறதே?

எந்தக் காலத்துப் பெட்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள். பழையது என்றால் முழுக்கச் செங்கல் சிவப்பு. 90களில் பரவியது என்றால் கருநீலத்தின் நடுவே ஜன்னல் பட்டை மட்டும் வெளிர்நீலம். நிஜப் பெட்டியின் நிறத்தை அப்படியே கலந்து மாடலில் அடித்தால் அடர்த்தியாகத் தெரியும். தூரத்தில் நிற்கும் பொருள் கொஞ்சம் வெளிறித் தெரிவதுதான் நம் கண்ணுக்குப் பழக்கம், அதனால் சில துளி வெள்ளை சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ரே டப்பாவை ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் காற்றிலுள்ள ஈரம் பெயிண்ட்டில் சிக்கி வெண்மை பூக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் தூரிகை வேலைகளை வைத்துக்கொண்டு, ஸ்ப்ரேயை வெயில் நாளின் முற்பகலுக்குத் தள்ளிவிடுவது நல்லது.

அப்புறம் அழுக்கு. புத்தம்புதுப் பெட்டி படத்தில் பொம்மையாகவே தெரியும். பிரேக் தூசு போகியிலும் பக்கச்சுவரின் கீழ் ஓரத்திலும் செம்பழுப்பாகப் படியும். கலர் சாக்கைத் தேய்த்து எடுத்த தூளை உலர்ந்த தூரிகையால் கீழிருந்து மேலே தடவி, மேட் வார்னிஷால் பிடித்து நிறுத்துங்கள். கதவுக் கைப்பிடியைச் சுற்றி மட்டும் பெயிண்ட் தேய்ந்து பளபளக்க வேண்டும், அங்கேதான் ஆயிரம் கை படுகிறது.

பெட்டி வளைவில் தடம் புரள்கிறது. ஏன்?

பெரும்பாலும் எடை குறைவு. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம், என்எம்ஆர்ஏ, எச்ஓவுக்குச் சொல்லும் கணக்கு: 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் 245 மி.மீ. பெட்டிக்கு இது 165 கிராம் வருகிறது. டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைத்துண்டுகள் இதற்கு அருமையானவை. போகிகளுக்கு நேர் மேலே, தரையை ஒட்டி வையுங்கள்.

அடுத்தது வளைவின் அளவு. பெட்டி நீளத்தைப் போல இரண்டரை மடங்காவது ஆரம் வேண்டும், மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. அதாவது 61 முதல் 74 செ.மீ. ஸ்டார்ட்டர் செட்டோடு வரும் வளைவுகளில் பல இதைவிட மிகச் சிறியவை, ஐசிஎஃப் பெட்டி அதில் திரும்பினாலும் பார்க்க நன்றாக இராது.

இந்திய இன்ஜினுக்கு என்ன செய்வது?

டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினைச் செய்ய வழி இருக்கிறது. அது அமெரிக்காவின் ஆல்கோ வடிவமைப்பு. 60களில் அங்கிருந்து வந்து, பிறகு வாரணாசியில் கட்டப்பட்டது. அதன் மூன்று அச்சு போகியில் அச்சுகளுக்கு இடையே சம இடைவெளி இராது. அதே வகை போகி கொண்ட ஆல்கோ ஆர்எஸ்டி இன்ஜின்களின் எச்ஓ மாடல்கள் அமெரிக்காவில் வந்திருக்கின்றன. அந்த அடிப்பகுதியை மோட்டாரோடு எடுத்து, மேலே நாமே செய்த உடலைப் பொருத்தலாம். பஃபர் முனைக்கு முனை 17.12 மீட்டர், எச்ஓவில் 197 மி.மீ.

ஜல்லியும் மண்ணும் நம் ஊர் போல வர என்ன செய்ய வேண்டும்?

தண்டவாளத்து ஜல்லி அதிகபட்சம் 65 மி.மீ. அளவு. எச்ஓவில் அது முக்கால் மி.மீ. எம்-சாண்டை மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை டீ வடிகட்டியில் போட்டு, மேலே தங்குவதை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ அந்த அளவுக்கே வரும். நிறமும் நம் கருங்கல் ஜல்லி நிறம்தான். ஃபெவிக்காலில் மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து சொட்டுக் குழாயால் விடுங்கள். லிக்விட் இல்லையென்றால் பசை உருண்டு மேலேயே நிற்கும். காய்ந்ததும் தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப் பழுப்பு அடிப்பது கட்டாயம். இதைச் செய்யாமல் விட்டால் படத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளிப் பளபளப்புத்தான்.

மண்ணுக்கு உங்கள் ஊர் மண்ணையே சலித்து, வறுத்து, ஆறவைத்துப் போடுங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் புதுக்கோட்டைச் செம்மண்ணும் எந்த பெயிண்ட்டிலும் கிடைக்காத நிறங்கள். காந்தத்தை ஒருமுறை காட்டி இரும்புத் துகளை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டாருக்குள் போகும். ஓரத்தில் சீமைக் கருவேலம், தள்ளி இரண்டு பனை. நிலையப் பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்து, தமிழ் மேலே, கீழே கடல்மட்ட உயரம். கடைசிப் பெட்டியின் பின்புறம் பெருக்கல் குறியும், கடைசிப் பெட்டி என்று சொல்லும் எல்வி (LV) பலகையும் இருக்கட்டும். இந்த மூன்றும் இருந்தால் படம் எந்த நாட்டில் எடுத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

படம் எடுக்க ஃபோன் போதுமா?

போதும். சில கோணங்களுக்குப் பெரிய கேமராவைவிட ஃபோனே மேல், ஏனென்றால் அதை லேஅவுட்டுக்குள் இறக்கி வைக்க முடியும். முக்கியமான சங்கதி உயரம். மாடலை மேலிருந்து பார்த்து எடுத்த படம் எவ்வளவு நேர்த்தியான வேலையையும் பொம்மையாக்கிவிடும். ரயிலை நாம் பிளாட்ஃபாரத்திலிருந்துதானே பார்க்கிறோம்? பிளாட்ஃபாரம் தண்டவாளத்துக்கு மேலே 840 மி.மீ. அதில் நிற்பவரின் கண் இன்னொரு 1,650 மி.மீ. மேலே. எச்ஓவில் மொத்தம் 29 மி.மீ.தான். ஃபோனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் கீழ் ஓரத்துக்கு வந்துவிடும், அந்த 29 மி.மீ. சுலபமாகக் கிடைக்கும்.

ரொம்பக் கிட்டே போகாதீர்கள். அகலக் கோண லென்ஸில் பெட்டியின் முன்முனை ஊதிப் பெருக்கும். 30 செ.மீ. தள்ளி நின்றால் அது நிஜத்தில் 26 மீட்டர் தூரத்துக்குச் சமம், ஒருவர் ரயிலைப் படம் எடுக்க நிற்கும் இயல்பான தூரம். தேவையில்லாத ஓரத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். நேர் எதிரே நின்று முகத்தைப் பார்த்து எடுத்தால் தண்டவாளம் குறுகியிருப்பது காட்டிக்கொடுக்கும். முக்கால் பக்கம் தெரிகிற கோணத்தில் அந்தக் குறை மறைந்துவிடும்.

ஃபோனை எதிலாவது சாய்த்து வைத்து, டைமரில் எடுங்கள். கை பட்டால் நடுங்கும்.

வெளிச்சத்துக்கு என்ன விளக்கு?

ஒரே விளக்கு. வானத்தில் சூரியன் ஒன்றுதான், ஆகவே நிழலும் ஒன்றுதான் விழ வேண்டும். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் ஒரு கம்பத்துக்கு இரண்டு நிழல் விழுந்து, இது மேசை என்று சொல்லிவிடும். விளக்கை முடிந்தவரை தள்ளி, இரண்டு மீட்டராவது தூரத்தில் வையுங்கள். கிட்டே வைத்தால் நிழல்கள் விசிறி போல விரியும், சூரிய நிழலோ ஒன்றுக்கொன்று இணையாகவே போகும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைச் சாய்த்தால் நிழல் பகுதி கொஞ்சம் தெளியும். எல்இடி விளக்கில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்களில் கோடு விழாது.

இதையெல்லாம்விட நல்ல வெளிச்சம் மொட்டை மாடியில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டடிப் பலகையைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்து, பின்னால் தூரத்து மரங்களும் வானமும் வரும்படி நிறுத்திப் பாருங்கள். காலை ஏழரை மணி வெயிலோ மாலை நாலரை மணி வெயிலோ பக்கவாட்டில் விழும்போது ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் இருக்கையின் மேல் தன் நிழலைப் போடும். அதை வீட்டுக்குள் விளக்கு வைத்து வரவழைப்பது மிகவும் சிரமம். காற்று அடித்தால் மட்டும் வேண்டாம், 165 கிராம் பெட்டி சுவரில் நிற்காது.

முன்பக்கம் தெளிவாக இருக்கிறது, பின்பக்கம் மங்குகிறது. என்ன செய்ய?

பொருள் கிட்டே இருக்கும்போது ஃபோகஸ் ஆழம் குறைந்துபோவது இயற்கை. ஆனால் நிஜ ரயிலின் படத்தில் இன்ஜின் முதல் கடைசிப் பெட்டி வரை தெளிவாக இருக்கும், ஆகவே மங்கல் இருந்தாலே சின்னப் பொருள் என்று மூளை கண்டுகொள்ளும். கேமராவில் லென்ஸின் துளையை எஃப் 11 அல்லது எஃப் 16 வரை சுருக்குங்கள். எஃப் 22-ஐத் தாண்டினால் துளை சிறுத்து ஒளி சிதறி, படம் முழுக்கவே மழுங்கத் தொடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேமராவை அசைக்காமல், ஃபோகஸை மட்டும் முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருளில் சேர்த்துவிடலாம். வெள்ளைச் சமநிலையையும் ஒளி அளவையும் கைமுறையில் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் படத்துக்குப் படம் நிறம் மாறும்.

ரயில் ஓடுவது போலப் படம் வேண்டும்.

மணிக்கு 100 கி.மீ. வேகம் எச்ஓவில் நொடிக்கு 32 செ.மீ. பலரும் இதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிப் படம் எடுக்கிறார்கள். ஸ்கேலும் நொடி முள்ளும் வைத்து வேகத்தைச் சரிசெய்துகொண்டு, ஷட்டரை 1/8 நொடி வைத்தால் பெட்டி 4 செ.மீ. நகர்ந்து கோடாகும், நிலையம் அசையாமல் தெளிவாக நிற்கும்.

நீலகிரி மலை ரயிலைச் செய்ய ஆசை. முடியுமா?

முடியும், ஆனால் அது இரண்டாவது மாடலாக இருக்கட்டும். மீட்டர் பாதை எச்ஓவில் 11.5 மி.மீ. சுவிஸ் மலை ரயில்களின் மாடலுக்காக பெமோ போன்ற நிறுவனங்கள் 12 மி.மீ. தண்டவாளம் தருகின்றன, வித்தியாசம் அரை மி.மீ.தான். எக்ஸ் வகை நீராவி இன்ஜினின் பூர்வீகமும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவே பல்சக்கரப் பாதை, ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி. மாடலில் இந்த ஏற்றத்தை அப்படியே வைத்தால்தான் மலை தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேலே ஏறும்போது இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். இன்ஜினை முன்னால் மாட்டி எடுத்த படத்தை மேட்டுப்பாளையத்துக்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நல்ல வேலையை எங்கே பார்த்துக் கற்பது?

நேரில் பார்க்க புனேயின் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. வெளிநாடு போகும் வாய்ப்பு இருந்தால், இரட்டைச் சகோதரர்களான ஃபிரெடெரிக், கெரிட் பிரவுன் 2001-இல் ஹாம்பர்கில் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட்.

படம் எடுப்பதற்கு ஜான் ஆலன். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்தவர், தொழிலே புகைப்படம். தன் கோரி அண்ட் டிஃபீட்டட் (Gorre & Daphetid) லேஅவுட்டில் துருவும் தூசும் படிந்த ரயில்களை ஓட்டி, மாடல் என்றால் பளபளக்க வேண்டும் என்ற அந்தக் காலத்து எண்ணத்தை மாற்றினார். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் வீடு தீப்பற்றி லேஅவுட்டின் பெரும்பகுதி அழிந்துபோனது. இன்றைக்கு நாம் அதைப் பற்றிப் பேச முடிவதே அவர் எடுத்து வைத்த படங்களால்தான். உங்கள் பெட்டியைக் கட்டும்போதும் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணினியில் எவ்வளவு திருத்தலாம்?

தூசியை அழிக்கலாம், வெறும் சுவர் தெரியும் இடத்தில் வானம் போடலாம். ஆனால் எடுக்கும் முன்பே மென்மையான தூரிகையால் கூரையைத் துடைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். ஒரு தூசி இழை இந்த அளவில் மாட்டைக் கட்டும் கயிறாகத் தெரியும். கோணலான கதவையோ ஒட்டாத மூலையையோ படத்தில் மட்டும் நேராக்க வேண்டாம். பெட்டியை எடுத்து மூலையை மறுபடி ஒட்டி, அதே இடத்தில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். பலகையில் பெட்டியும் ஃபோனும் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.